இருதயத் தசைக்கு ரத்தம் போகிறதா? காட்டிக் கொடுக்கிறது 'சி.டி. ஸ்கேன்'!

குழாயில் அடைப்பு இருந்தால் மட்டும் போதாது. அது குற்றவாளியா என்றும் பார்க்க வேண்டும்

நெஞ்சு வலி என்று வருகிறவரின் இருதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பதோடு 'சி.டி. ஸ்கேன்' எந்திரத்தின் வேலை முடிந்து விடவில்லை. அந்த அடைப்பால் இருதயத் தசைக்கு ரத்தம் குறைகிறதா, குறைந்தால் எந்தப் பக்கம் குறைகிறது என்பதையும் அதே எந்திரம் படம் பிடித்துக் காட்டுகிறது.

மருந்து ஏற்றி, ரத்தக்குழாய்களை விரிய வைத்து, மூச்சைப் பிடித்து விடுகிற நேரத்துக்குள் இந்தப் படம் எடுக்கப்படுகிறது. ரத்தம் சரியாகப் போகாத இடம் படத்தில் கறுப்பாகத் தெரிகிறது.

ஸ்டென்ட் வைப்பதா, மாத்திரையே போதுமா என்று டாக்டரும் நோயாளியும் தலையைப் பிய்த்துக் கொள்ளும் நேரத்தில் இந்தக் கறுப்பு நிழல் பெரிய சாட்சியாக இருக்கிறது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

"வாயுதான்!"

ஆபீசில் வேலை பார்க்கும் ஒருவருக்கு 50 வயது என்று வைத்துக் கொள்ளுங்கள். பஸ்சைப் பிடிக்க ஓடினால் நெஞ்சை அழுத்துகிறது. மாடிப்படி ஏறினால் இடது தோள் வலிக்கிறது. உட்கார்ந்தால் 5 நிமிஷத்தில் போய் விடுகிறது.

"ஒண்ணும் இல்லே, வாயுதான். ஒரு சோடா குடிச்சா சரியாப் போயிடும்" என்கிறார் அவர்.

மனைவி விடவில்லை. "ஒரு மாசமா இதையேதான் சொல்றீங்க. வாங்க, டாக்டர்கிட்டே காட்டிடலாம்" என்று இழுத்துக் கொண்டு போகிறார்.

படுக்க வைத்து ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள். ஈ.சி.ஜி.யில் கோளாறு ஒன்றும் தெரியவில்லை! "நான்தான் சொன்னேனே" என்று அவர் சட்டையை மாட்டிக் கொள்கிறார்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. சும்மா படுத்திருக்கிற நேரத்தில் அவருடைய இருதயத்துக்குத் தேவையான ரத்தம் கிடைத்து விடுகிறது. அதனால் ஈ.சி.ஜி. நன்றாகவே இருக்கும். ஓடும்போதுதான் ரத்தம் பற்றாமல் போகிறது. ஓடும்போது இருதயத்துக்குள் எட்டிப் பார்ப்பது எப்படி?

கடைசி வீட்டுக் குழாய்

தெருவில் போகிற தண்ணீர் பைப்பை நினைத்துப் பாருங்கள். உள்ளே துரு பிடித்துப் பாதி அடைத்துக் கொண்டிருக்கிறது. ராத்திரி 2 மணிக்கு ஒரு வீட்டில் மட்டும் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். காலை 6 மணிக்கு எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் திறந்தால்தான் எந்த வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை என்று தெரியும்.

பைப்பைத் தோண்டி எடுத்து எவ்வளவு துரு என்று அளப்பது ஒரு வேலை. கடைசி வீட்டில் குடம் நிரம்புகிறதா என்று பார்ப்பது வேறு வேலை.

இருதயத்திலும் அப்படித்தான். ரத்தக்குழாயில் எவ்வளவு அடைப்பு என்பது முதல் கேள்வி. அந்தக் குழாயை நம்பி இருக்கிற தசைக்கு ரத்தம் போய்ச் சேருகிறதா என்பது இரண்டாவது கேள்வி.

ஒரு நாளைக்கு சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிற இருதயம், தான் வெளியே தள்ளுகிற ரத்தத்தில் 100-க்கு சுமார் 5 பங்கைத் தனக்கே எடுத்துக் கொள்கிறது. ஓய்வாக இருக்கும்போது நிமிஷத்துக்கு சுமார் கால் லிட்டர். ஓட்டமும் பரபரப்பும் வந்து விட்டால் 3 மடங்கு, 4 மடங்கு ரத்தம் வேண்டும். நல்ல குழாய் விரிந்து கொடுத்து அதைக் கொண்டு வந்து விடும்.

அடைப்பு உள்ள குழாய் என்ன செய்யும்? ஓய்வு நேரத்திலேயே முடிந்த அளவு விரிந்து நின்று சமாளித்துக் கொண்டிருக்கும். இன்னும் வேண்டும் என்று கேட்டால் அதனிடம் கையிருப்பு இல்லை!

இருதயம் நின்றது!

ரத்தக்குழாய் அடைப்பை நேரில் பார்க்கும் வழி பிறந்ததே ஒரு விபத்தில்தான்.

1958-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி. அமெரிக்காவில் கிளீவ்லாந்து கிளினிக் ஆஸ்பத்திரி. டாக்டர் மேசன் சோன்ஸ், 26 வயது வாலிபர் ஒருவரைப் பரிசோதித்துக் கொண்டிருந்தார். வாலிபருக்கு வால்வில் கோளாறு. ரத்தக்குழாய் வழியாக மெல்லிய டியூபை நுழைத்து, இருதயத்தில் இருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயில் எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்துவது திட்டம்.

டியூபின் நுனி நழுவி, இருதயத் தசைக்கே ரத்தம் கொண்டு போகும் வலது பக்கச் சின்னக் குழாய்க்குள் போய் விட்டது. அது தெரிவதற்குள் மருந்தும் பாய்ந்து விட்டது.

இருதயம் நின்று விட்டது!

அந்தக் குழாயில் இப்படி மருந்து போனால் ஆள் பிழைக்க மாட்டான் என்பது அந்தக் காலத்து டாக்டர்களின் நம்பிக்கை. சோன்ஸ் பதறிப் போனார். இருமும்படி வாலிபரிடம் கத்தினார். வாலிபர் இருமினார். திரும்பத் திரும்ப இருமினார். நின்ற இருதயம் மறுபடி துடிக்க ஆரம்பித்தது!

வாலிபர் பிழைத்துக் கொண்டார். எக்ஸ்ரே படத்தில் அந்தச் சின்னக் குழாய் வேர் வேராகத் தெளிவாகத் தெரிந்தது. குறைந்த அளவு மருந்தைக் கவனமாகச் செலுத்தினால் ஆபத்து இல்லாமல் படம் எடுக்கலாம் என்று சோன்ஸ் கண்டுகொண்டார். இன்று ஊரெல்லாம் 'ஆஞ்சியோ' என்று சொல்கிறார்களே, அது பிறந்த கதை இதுதான்.

கண்ணை நம்பலாமா?

ஆஞ்சியோகிராம் குழாயின் உள் அகலத்தைக் காட்டும். "70 சதவீதம் அடைப்பு" என்று டாக்டர் சொல்வது அந்தப் படத்தைப் பார்த்துத்தான். ஆனால் கண்ணால் பார்த்த அகலத்தை வைத்து ரத்தம் குறைகிறதா என்று சொல்லி விட முடியுமா?

1974-ம் ஆண்டு அமெரிக்க டாக்டர் லான்ஸ் கூல்டும் அவருடன் வேலை பார்த்தவர்களும் நாய்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். இருதய ரத்தக்குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிப் பார்த்தார்கள். ஓய்வு நேரத்தில், குழாய் அகலத்தில் சுமார் 85 சதவீதம் குறுகும் வரை ரத்தம் குறையவே இல்லை. ஆனால் குழாயை முழுக்க விரிய வைத்துப் பார்த்தபோது, பாதி அளவு குறுகுவதற்கு முன்பே ரத்தம் குறைய ஆரம்பித்து விட்டது.

ஓய்வில் பார்த்தால் உண்மை தெரியாது, இருதயத்தைச் சோதனைக்கு உள்ளாக்கினால்தான் தெரியும் என்பதற்கு இது அடிப்படை ஆயிற்று.

100-க்கு 65 அப்பாவி!

பின்னால் வந்த டாக்டர்கள் இன்னொரு வழி கண்டுபிடித்தார்கள். மயிர் போன்ற மெல்லிய ஒயரை அடைப்பைத் தாண்டி நுழைத்து, அடைப்புக்கு முன்னால் ரத்த அழுத்தம் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று அளக்கும் முறை அது.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 1,005 நோயாளிகளிடம் நடந்த 'பேம்' என்ற ஆராய்ச்சியின் முடிவு 2009-ம் ஆண்டு வெளியானது. ஒரு பிரிவினருக்குப் படத்தைப் பார்த்து ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு ஒயரால் அளந்து, உண்மையிலேயே ரத்தத்தைக் குறைக்கிற அடைப்புக்கு மட்டும் வைத்தார்கள்.

படத்தைப் பார்த்து வைத்தவர்களுக்கு ஆள் ஒன்றுக்கு சராசரி 2.7 ஸ்டென்ட். அளந்து வைத்தவர்களுக்கு 1.9 ஸ்டென்ட். ஒரு வருஷத்துக்குள் மரணம், மாரடைப்பு, மறு சிகிச்சை என்று ஏதாவது ஒன்றில் மாட்டியவர்கள் முதல் பிரிவில் 18.3 சதவீதம். இரண்டாவது பிரிவில் 13.2 சதவீதம்தான். குறைவாக வைத்தவர்களுக்குத்தான் நல்லது நடந்தது!

அதே நோயாளிகளின் படங்களை மறுபடி புரட்டியபோது இன்னொரு விஷயம் அம்பலம் ஆயிற்று. 50 முதல் 70 சதவீதம் வரை அடைப்பு என்று கண்ணுக்குத் தெரிந்த இடங்களில் 100-க்கு 35 தான் உண்மையான குற்றவாளி. மீதி 65 இடங்களில் ரத்தம் பெரிதாகக் குறையவில்லை. 71 முதல் 90 சதவீதம் வரை அடைப்பு என்றால் 100-க்கு 80 குற்றவாளி.

சந்தேகக் கேசில் பிடித்துக் கொண்டு வந்தவர்களை எல்லாம் ஜெயிலில் போட முடியாது அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

ஆனால் ஒயரை நுழைக்க வேண்டும் என்றால் ஆஸ்பத்திரியில் படுத்து, கையிலோ தொடையிலோ ரத்தக்குழாயைத் துளைத்தாக வேண்டும். வெளியில் இருந்தே பார்க்க முடியாதா என்ற கேள்வி எழுந்தது. அங்கேதான் சி.டி. வருகிறது.

பாட்டு ரெக்கார்டு கம்பெனி

சி.டி. எந்திரத்தைச் செய்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த காட்பிரே ஹவுன்ஸ்பீல்டு. 1919-ம் ஆண்டு பிறந்தவர். விவசாயி மகன். பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. விமானப் படையில் ராடார் வேலை கற்றுக் கொண்டவர். பீட்டில்ஸ் பாட்டு ரெக்கார்டுகளை வெளியிட்ட அதே ஈ.எம்.ஐ. கம்பெனியில் என்ஜினீயராக இருந்தார்.

ஒரு பக்கத்தில் இருந்து மட்டும் எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு, தசை எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து விடும். சுற்றிச் சுற்றி எடுத்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிடம் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னால், உடம்பை ரொட்டித் துண்டு போல நறுக்கிப் பார்த்த மாதிரி படம் கிடைக்கும். இதுதான் அவருடைய யோசனை.

ஆரம்பத்தில் ஒரு படம் எடுக்க 9 நாள் ஆயிற்று. கம்ப்யூட்டர் கணக்குப் போட இரண்டரை மணி நேரம். மாட்டு மூளையை வைத்தெல்லாம் சோதித்துப் பார்த்தார்.

1971-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி லண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மோர்லி ஆஸ்பத்திரியில் முதல் நோயாளிக்கு ஸ்கேன் எடுக்கப்பட்டது. அவர் ஒரு பெண். மூளையில் கட்டி என்று சந்தேகம். படத்தில் கட்டி தெரிந்தது. ஆபரேஷன் செய்து பார்த்தபோது படத்தில் தெரிந்தபடியே இருந்தது!

1979-ம் ஆண்டு ஹவுன்ஸ்பீல்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. தென் ஆப்பிரிக்காவில் பிறந்து, இந்தக் கணக்கைத் தனியாகக் கண்டுபிடித்திருந்த ஆலன் கார்மாக்கும் அந்தப் பரிசைப் பங்கு போட்டுக் கொண்டார்.

ஓடுகிற திருடன்

மூளை அசையாது. இருதயம் ஒரு கணம்கூட நிற்காது. ஓடுகிற திருடனைப் பழைய பெட்டிக் கேமராவில் படம் எடுத்தால் என்ன தெரியும்? வெறும் புகைதான் தெரியும்.

எந்திரத்தின் வேகம் வருஷத்துக்கு வருஷம் ஏறியது. 2004-ம் ஆண்டு வாக்கில் ஒரே சுற்றில் 64 துண்டுப் படம் எடுக்கும் எந்திரம் வந்தது. இருதய ரத்தக்குழாய்களைத் தெளிவாகப் பார்க்க முடிந்தது. 2007-ம் ஆண்டு 320 வரிசை எந்திரம் வந்தது. ஒரு சுற்றில் 16 சென்டிமீட்டர் அகலத்தைப் பிடித்து விடும். முழு இருதயமும் அதில் அடங்கும். ஒரு சுற்றுக்கு அரை வினாடிகூட ஆகாது. ஒரே துடிப்புக்குள் வேலை முடிந்து விடும்!

9 நாள் எங்கே, அரை வினாடி எங்கே!

அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக டாக்டர்கள், சி.டி. எந்திரத்தால் தசையின் ரத்த ஓட்டத்தையும் பார்க்கலாம் என்று நாய்களிடம் சோதித்து 2006-ம் ஆண்டு வெளியிட்டார்கள். அடுத்து மனிதர்களிடம் பெரிய அளவில் சோதனை நடந்தது.

எப்படி எடுக்கிறார்கள்?

பரிசோதனைக்கு முதல் நாளில் இருந்தே காப்பி, டீ கூடாது என்பார்கள். "ஒரு வாய் காப்பி குடிச்சா என்ன ஆயிடப் போவுது?" என்று கேட்கக் கூடாது. காப்பியில் உள்ள காபீன், குழாயை விரிய வைக்கும் மருந்தை வேலை செய்ய விடாது. பரிசோதனை வீணாகி விடும்.

மேஜையில் படுக்க வைத்து, நெஞ்சில் ஈ.சி.ஜி. ஒயர் ஒட்டுகிறார்கள். கையில் ஊசி குத்துகிறார்கள். ஓய்வாக இருக்கும்போது ஒரு படம். இதில் ரத்தக்குழாய்களும் தெரியும்.

கொஞ்ச நேரம் விட்டு, 'அடினோசின்' என்ற மருந்தைச் சில நிமிஷம் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். மாடிப்படி ஏறாமல், பஸ் பிடிக்க ஓடாமல், படுத்தபடியே குழாய்கள் முழுக்க விரிந்து கொடுக்கின்றன. அதாவது, எல்லா வீட்டுக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்தாகி விட்டது!

இந்த நேரத்தில் முகம் சிவக்கலாம். நெஞ்சு இறுகலாம். மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கலாம். பயப்பட வேண்டாம். மருந்தை நிறுத்தினால் ஒரு நிமிஷத்துக்குள் பெரும்பாலும் அடங்கி விடும்.

அடுத்து அயோடின் கலந்த மருந்தைக் கை ரத்தக்குழாயில் வேகமாகச் செலுத்துகிறார்கள். உடம்பெல்லாம் சூடு பரவும். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று குரல் கேட்கும். எந்திரம் சுற்றும். "மூச்சு விடுங்க". அவ்வளவுதான்.

கறுப்பு நிழல்

அயோடின் எக்ஸ்ரேயைத் தடுக்கும். அதனால் அயோடின் கலந்த ரத்தம் போய்ச் சேர்ந்த தசை வெளுப்பாகத் தெரியும். ரத்தம் சரியாகப் போகாத தசை கறுத்துத் தெரியும். பெரும்பாலும் தசையின் உள் பக்கம்தான் முதலில் கறுக்கும். ரத்தம் கடைசியாகப் போய்ச் சேருகிற இடம் அதுதான்.

நகரத்தை வார்டு வார்டாகப் பிரிக்கிற மாதிரி, இருதயத்தின் இடது கீழ் அறையை 17 பகுதிகளாக டாக்டர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். எந்த வார்டுக்கு எந்தக் குழாய் சப்ளை என்று பட்டியல் உண்டு. எந்த வார்டு கறுத்திருக்கிறது என்று பார்த்தால் எந்தக் குழாய் குற்றவாளி என்று பிடித்து விடலாம்.

மருந்து ஏற்றியபோது கறுத்து, ஓய்வில் சரியாகி இருந்தால், அந்தத் தசை உயிரோடு இருக்கிறது, ரத்தம்தான் பற்றவில்லை என்று அர்த்தம். இரண்டு படத்திலும் கறுத்தே இருந்தால், பழைய மாரடைப்பில் அந்த இடம் செத்துத் தழும்பாகி இருக்கலாம். செத்த தசைக்குக் குழாயைத் திறந்து விட்டுப் பெரிய லாபம் இல்லை.

இதில் இரண்டு தினுசு உண்டு. ஒன்று, சரியான கணத்தில் ஒரே ஒரு படம். இன்னொன்று, சுமார் அரை நிமிஷம் விட்டு விட்டுப் பல படங்கள். இரண்டாவது முறையில் 100 கிராம் தசைக்கு நிமிஷத்துக்கு எத்தனை மில்லி ரத்தம் போகிறது என்று கம்ப்யூட்டர் கணக்கே போட்டுக் கொடுத்து விடும்.

மூன்று குழாயிலும் அடைப்பு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ரத்தம் குறைந்தால், ஒரு பக்கத்தை இன்னொரு பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிற பரிசோதனை ஏமாந்து போகலாம். தெரு முழுக்கத் தண்ணீர் வரவில்லை என்றால் பக்கத்து வீட்டைப் பார்த்து என்ன பிரயோசனம்?

381 பேருக்குச் சோதனை

அமெரிக்கா, ஜப்பான், சிங்கப்பூர் உள்பட 8 நாடுகளில் 16 ஆஸ்பத்திரிகளில் 381 நோயாளிகளிடம் 'கோர் 320' என்ற ஆராய்ச்சி நடந்தது. எல்லாருக்கும் சி.டி.யில் குழாய்ப் படமும் தசைப் படமும் எடுத்தார்கள். அதே ஆட்களுக்கு வழக்கமான ஆஞ்சியோகிராமும், கதிரியக்கப் பொருளை ஏற்றி எடுக்கும் அணு ஸ்கேனும் எடுத்தார்கள். இரண்டு முடிவும் ஒத்துப் போகிறதா என்று பார்த்தார்கள்.

2014-ம் ஆண்டு முடிவு வெளியானது. அடைப்பும் ரத்தக் குறைவும் சேர்ந்து இருந்தவர்களில் 100-க்கு 80 பேரை சி.டி. சரியாகப் பிடித்தது. இல்லாதவர்களில் 100-க்கு 74 பேரைச் சரியாக விடுவித்தது.

அணு ஸ்கேனோடு நேருக்கு நேர் மோத விட்டும் பார்த்தார்கள். குழாய் பாதியோ அதற்கு மேலோ அடைத்தவர்களைக் கண்டுபிடிப்பதில், சி.டி. தசைப் படம் 100-க்கு 88 பேரைப் பிடித்தது. அணு ஸ்கேன் 62 பேரைத்தான் பிடித்தது. ஆனால் அடைப்பு இல்லாதவர்களை விடுவிப்பதில் அணு ஸ்கேன் 67, சி.டி. 55. அதாவது சி.டி.க்குக் கண் கூர்மை, சந்தேகமும் ஜாஸ்தி!

பொய் சாட்சி

எந்தச் சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்யாமல் நம்பக் கூடாது. சி.டி.யும் அப்படித்தான்.

இருதய அறைகளில் அயோடின் நிறைய இருக்கும்போதும், பக்கத்தில் எலும்பு இருக்கும்போதும் எக்ஸ்ரே கதிர் தடுமாறும். ரத்தம் நன்றாகப் போகிற இடத்திலும் கறுப்பு நிழல் விழும். இது பொய் நிழல். பழகிய கண்தான் உண்மை நிழலையும் பொய் நிழலையும் பிரித்துச் சொல்லும்.

துடிப்பு தாறுமாறாக இருந்தாலும், மூச்சைப் பிடிக்க முடியாமல் போனாலும் படம் கலங்கி விடும். குழாயில் சுண்ணாம்புப் படிவு அதிகம் இருந்தாலும், பழைய ஸ்டென்ட் இருந்தாலும் குழாய்ப் படத்தில் குழப்பம் வரும். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத் தசைப் படம் கை கொடுக்கும்.

எல்லா சி.டி. எந்திரமும் இந்த வேலையைச் செய்யாது. வேகமான எந்திரமும், பயிற்சி பெற்ற டாக்டரும் வேண்டும்.

ஆபத்து உண்டா?

எக்ஸ்ரே என்றாலே கதிர்வீச்சு உண்டு. 'கோர் 320' சோதனையில் குழாய்ப் படத்துக்கு சுமார் 3 மில்லி சீவர்ட், தசைப் படத்துக்கு சுமார் 5 மில்லி சீவர்ட் கதிர்வீச்சு ஆயிற்று. மண்ணில் இருந்தும் வானத்தில் இருந்தும் மனிதனுக்கு இயற்கையாக வருகிற கதிர்வீச்சு உலக சராசரி வருஷத்துக்கு 2.4 மில்லி சீவர்ட். ஆக, மூன்று வருஷத்துக்கு மேல் வரவேண்டியது ஒரே நாளில் வந்து விடுகிறது. தேவை இருந்தால் எடுக்கலாம். "சும்மா ஒரு தடவை பார்த்துடலாம்" என்று எடுக்கிற விஷயம் அல்ல.

கிட்னி பழுதானவர்கள், முன்பு ஸ்கேன் மருந்து ஒத்துக் கொள்ளாமல் உடம்பு தடித்தவர்கள், ஆஸ்துமாக்காரர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி விட வேண்டும். ஆஸ்துமாக்காரர்களுக்கு அடினோசின் மூச்சுத் திணறலை உண்டாக்கி விடும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எந்த மாத்திரை என்று பெயரைச் சொல்ல வேண்டும்.

டியூபை உள்ளே விட்டுப் பார்ப்பதைவிட வெளியில் இருந்து பார்ப்பதில் ஆபத்து குறைவு. ஐரோப்பாவில் 26 ஆஸ்பத்திரிகளில் 3,561 பேரிடம் நடந்து 2022-ம் ஆண்டு வெளியான 'டிஸ்சார்ஜ்' ஆராய்ச்சியில், முதலில் டியூப் ஆஞ்சியோகிராமுக்குப் போனவர்களில் 1.9 சதவீதம் பேருக்குப் பெரிய சிக்கல் வந்தது. முதலில் சி.டி.யில் குழாய்ப் படம் எடுத்தவர்களில் 0.5 சதவீதம் பேருக்குத்தான் வந்தது.

145-ம் 144-ம்

கறுப்பு நிழல் தெரிந்து விட்டது. உடனே ஸ்டென்ட் வைத்தே ஆக வேண்டுமா?

37 நாடுகளில் 5,179 நோயாளிகளிடம் 'இஸ்கீமியா' என்ற ஆராய்ச்சி நடந்தது. தசைக்கு ரத்தம் ஓரளவோ ரொம்பவோ குறைகிறது என்று பரிசோதனையில் தெரிந்தவர்கள் இவர்கள். பாதிப் பேருக்கு ஆஞ்சியோகிராம் எடுத்து ஸ்டென்ட் அல்லது பைபாஸ். மீதிப் பேருக்கு முதலில் மாத்திரையும் பத்தியமும்தான்.

2020-ம் ஆண்டு முடிவு வெளியானது. சுமார் 3 வருஷத்தில் முதல் பிரிவில் இறந்தவர்கள் 145 பேர். இரண்டாவது பிரிவில் 144 பேர்!

ஆனால் அடிக்கடி நெஞ்சு வலியால் அவதிப்பட்டவர்களுக்கு ஸ்டென்டும் பைபாசும் நல்ல நிவாரணம் கொடுத்தன. அதையும் மறக்கக் கூடாது.

இடது பக்கத் தாய்க் குழாயில் பெரிய அடைப்பு உள்ளவர்களை இந்தச் சோதனையில் சேர்க்கவில்லை. அவர்கள் விஷயம் வேறு. அப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடித்து ஒதுக்குவதற்கும் சி.டி. ஸ்கேனைத்தான் பயன்படுத்தினார்கள்.

இதில் இருந்து தெரிவது என்ன? குழாய்ப் படம் மட்டும் தீர்ப்பு அல்ல. தசைப் படம் மட்டும் தீர்ப்பு அல்ல. வலி எவ்வளவு, மாத்திரை கேட்கிறதா, எந்தக் குழாய், எத்தனை வார்டு கறுப்பு என்று எல்லாச் சாட்சியையும் விசாரித்துத்தான் டாக்டர் முடிவு சொல்ல வேண்டும்.

கேட்பதில் தப்பு இல்லை

"அடைப்பு இருக்கு" என்ற வார்த்தையைக் கேட்டதுமே பல குடும்பங்கள் கதி கலங்கிப் போகின்றன. பெண்டாட்டி கழுத்தில் கிடக்கிற சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் கரைகிறது. உயிருக்கு முன்னால் பணம் பெரிது இல்லைதான். ஆனால் தேவை இல்லாத இடத்தில் வைத்த ஸ்டென்ட் பணத்துக்கும் நஷ்டம், உடம்புக்கும் நஷ்டம். தேவை உள்ள இடத்தில் வைக்காமல் விட்டாலும் ஆபத்துதான்.

அதனால் அவசரம் இல்லாத நேரத்தில் நோயாளி நான்கு கேள்வி கேட்கலாம்:-

1. "என் வலிக்கு இந்த அடைப்புதான் காரணமா டாக்டர்?"

2. "இந்த அடைப்பால் தசைக்கு ரத்தம் குறையுதுன்னு ஏதாவது பரிசோதனையில் தெரிஞ்சிருக்கா?"

3. "மாத்திரை சாப்பிட்டுக் கொஞ்ச நாள் பார்க்கலாமா?"

4. "ஸ்டென்ட் வச்சா எனக்கு என்ன லாபம்? வலி குறையுமா, ஆயுள் கூடுமா?"

இதற்குக் கோபித்துக் கொள்ளாமல் பதில் சொல்கிறவர் நல்ல டாக்டர்.

ஸ்டென்ட் வைத்தாலும் வைக்காவிட்டாலும் பீடி, சிகரெட்டை விட வேண்டும். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு மாத்திரைகளை "இப்பத்தான் நல்லா இருக்கே" என்று நிறுத்தக் கூடாது.

இவ்வளவும் நிதானமாக யோசிக்க நேரம் இருக்கிறவர்களுக்கு. திடீர் என்று நெஞ்சைப் பிசைந்து, வியர்த்துக் கொட்டி, ஓய்வு எடுத்தும் வலி நிற்காமல், தாடைக்கும் கைக்கும் பரவினால் அது மாரடைப்பாக இருக்கலாம். அப்போது தசைப் படமும் வேண்டாம், நான்கு கேள்வியும் வேண்டாம். அடைத்த குழாயைத் திறக்கும் வரை ஒவ்வொரு நிமிஷமும் தசை செத்துக் கொண்டே இருக்கும். தானே ஸ்கூட்டர் ஓட்டிக் கொண்டு போகாமல், 108-க்கு உடனே போன் செய்து, ஈ.சி.ஜி. வசதியும் குழாயைத் திறக்கும் வசதியும் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய் விட வேண்டும்.